பைன் மரம் தடவிய ரொட்டி

அர்மாஸ் பெசோனெனை நான் ஒரு தடவை பொய்யன் என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை வாயால் சொல்லவில்லை, சுற்றிவளைத்துத்தான் சொன்னேன். ஆனால் எங்கள் வடக்குக் கரேலியாவில் அதற்கும் இதற்கும் வித்தியாசம் பார்க்க மாட்டார்கள். பின்லாந்தின் மற்ற பக்கங்களில் எப்படியோ, இங்கே ஒருவனைத் திருடன் என்று சொல்லிவிட்டு மறுநாள் அவனிடமே மண்வெட்டி இரவல் கேட்கலாம். பொய்யன் என்று சொன்னால் அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

நான் இந்த ஊர்ச் சுகாதார நிலையத்தில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தவள். பெயர் ஹெல்வி. எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம் என்று ஊரே சொல்லும், சொல்லட்டும். அந்த வாயால் நான் கெடுத்த காரியங்களில் இது ஒன்றைத்தான் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

அர்மாஸ் மரம் வெட்டுகிறவர். பதினைந்து வயதில் காட்டு முகாமுக்குப் போனவர், முதுகு மடங்குகிற வரைக்கும் பைன் மரங்களை அறுத்துத் தள்ளினார். முப்பத்தெட்டு வருடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவை வைத்துப் பார்த்துக்கொண்டார், அம்மாவும் போய் எட்டு வருடமாகிவிட்டது. ஏரிக்கரையில் ஏழு வீடுகள் இருந்த குக்கிராமம் அது. கார் தொழிற்சாலையில் வேலை என்று ஒவ்வொரு குடும்பமாக ஸ்வீடனுக்குக் கிளம்பிப் போய், கடைசியில் குளிர்காலத்தில் புகை வருகிற வீடு அவருடையது ஒன்றுதான்.

அவருக்கு மூன்று அண்ணன்கள். ஒட்டோ நாற்பத்தொன்பது வயதில் போனார், வில்யோ ஐம்பத்திரண்டில், கவ்கோ ஐம்பத்துநான்கில். மூன்று பேருக்கும் நெஞ்சுதான். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஆண்கள் ஒரே மாதிரிதான் செத்தார்கள். வாசலில் பனியை வாரிக்கொண்டிருப்பான், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பான், அப்படியே உட்காருவான், எழுந்திருக்க மாட்டான். மூன்று அண்ணன்களில் இரண்டு பேருக்கு நான்தான் கண்ணை மூடிவிட்டேன்.

தொண்ணூற்றிரண்டாம் வருடம் அக்டோபரில் அந்த ஆய்வு எங்கள் ஊருக்கு வந்தது. ஹெல்சிங்கியிலிருந்து ஒரு டாக்டர் நடத்தினார். காகித ஆலையில் பைன் மரத்தை வேக வைக்கும்போது மேலே ஒரு எண்ணெய் மிதக்குமல்லவா, அதிலிருந்து மெழுகு மாதிரி ஒரு சத்தைப் பிரித்து, ரொட்டியில் தடவுகிற மார்ஜரினில் கலந்திருந்தார்கள். கொலஸ்ட்ரால் அதிகமாக இருக்கிறவர்கள் ஒரு வருடம் அதைச் சாப்பிட வேண்டும். பாதிப் பேருக்கு மரச்சத்து கலந்த டப்பா, பாதிப் பேருக்குச் சாதாரண டப்பா. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, ஹெல்சிங்கியில்தான் தெரியும். டப்பா மேலே எண் மட்டும் இருக்கும். அர்மாஸின் எண் 217.

அவருடைய கொலஸ்ட்ரால் எட்டு புள்ளி மூன்று. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது, அந்தக் குடும்பத்தில் ஓர் ஆண் அத்தனை வயது இருந்ததே சாதனை.

"மரத்தைத் தின்னா நெஞ்சு எப்படி சிஸ்டர் நல்லாகும்?" என்று கேட்டார்.

"பஸ்ஸு மாதிரி நினைச்சுக்கோங்க அர்மாஸ். குடல்ல இருந்து ரத்தத்துக்குப் போற பஸ். கொலஸ்ட்ரால் ஏறி உட்கார வருது. அதுக்கு முன்னாடியே இந்தப் பைன் மரச்சத்து ஓடிப் போய் சீட்டைப் பிடிச்சுக்குது. கொலஸ்ட்ரால் ஸ்டாப்புலயே நின்னுட்டு, அப்படியே வெளியே போயிடும்."

"அப்ப அந்த மரச்சத்து ரத்தத்துக்குள்ள போயிடுமே?"

"அதுவும் போகாது. சீட்டைப் பிடிக்கும், பயணம் போகாது."

கொஞ்ச நேரம் யோசித்தார். எங்கள் ஆட்கள் யோசித்தால் ஒரு பஸ்ஸே வந்து போய்விடும்.

"முப்பத்தெட்டு வருஷம் நான் அதை அறுத்தேன். இப்ப அது ரொட்டில ஏறிக்கிட்டு என் வயித்துக்கே வருதா. சரி, வரட்டும். நமக்குள்ள ஒரு பாக்கி இருக்கு."

ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னேன். என்ன சாப்பிடுகிறார், என்ன குடிக்கிறார், புகை உண்டா. காபி என்ற இடத்தில் நாள் ஒன்றுக்கு நான்கு கப் என்று எழுதினார். பிறகு விதிகள் அச்சடித்த தாளைக் கொடுத்தேன். ஒன்பது விதிகள். மற்றவர்கள் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். அர்மாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து, ஒன்பதையும் படித்தார். ஆறாவது விதியில் விரலை வைத்துக் கேட்டார்:

"ஆய்வுக் குழுவினர் முன்னறிவிப்பு இல்லாமல் எந்த நாளும் வீட்டுக்கு வரலாம்னு போட்டிருக்கே. நீங்கதான் வருவீங்களா?"

"வந்தா நான்தான் வருவேன்" என்றேன். அடுத்த ஆள் கதவுக்கு வெளியே காத்திருந்தான். அது எல்லா ஆய்விலும் அச்சடிக்கிற வரி. யாரும் எங்கேயும் போனதில்லை. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மாதம் ஒரு தடவை, பதினோராம் தேதி, காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்க வரவேண்டும். அர்மாஸ் ஏழு மணிக்கே வந்து கதவு திறக்கக் காத்திருப்பார். காலி டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மீதி எவ்வளவு என்று நான் நிறுத்துப் பார்ப்பேன். மற்றவர்களின் டப்பாவில் ஓரமெல்லாம் ஒட்டியிருக்கும், பாதி மிஞ்சியிருக்கும், ஒருவன் டப்பாவில் தூண்டில் புழுவைப் போட்டே கொண்டுவந்தான். அர்மாஸின் டப்பா கழுவி வைத்தது போலப் பளபளக்கும். கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுத்திருப்பார்.

ரத்தம் எடுத்த பிறகு என் அறைக்கு வெளியே, கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து மார்ஜரின் தடவிய கறுப்பு ரொட்டியை எடுத்துச் சாப்பிடுவார். பதினொரு மணி பஸ் வரைக்கும் அங்கேயே இருப்பார். யாரிடமும் பேச மாட்டார். நான் குறுக்கே நெடுக்கே போகும்போது, "என்ன பெசோனென், இன்னைக்கு ஊரையே பேசித் தீர்த்துட்டீங்க போலிருக்கே" என்று சீண்டினால், "தொண்டை வறண்டு போச்சு சிஸ்டர்" என்பார். அவ்வளவுதான். அந்த மூன்று மணி நேரம்தான் அந்த மாதத்தில் அவர் மனிதர்கள் நடுவில் உட்கார்ந்த நேரம் என்பது எனக்கு உறைக்கவில்லை. பெஞ்சில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

பிப்ரவரியில் ஹெல்சிங்கி டாக்டர் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகும் அவருக்கு.

"ஹெல்வி சிஸ்டர், உங்க 217 எப்படிப்பட்ட ஆளு?"

"ஏன் டாக்டர்?"

"நாலு மாசமாச்சு. எட்டு புள்ளி மூணு இருந்தது எட்டு புள்ளி நாலு ஆகியிருக்கு. டப்பா மட்டும் ஒவ்வொரு தடவையும் துடைச்ச மாதிரி வருது. ஒழுங்கா சாப்பிடுறவங்க டப்பாவுலயே நாலஞ்சு கிராம் மிஞ்சும். குப்பைல வழிச்சுப் போடுறவங்க டப்பாதான் இப்படி இருக்கும். விசாரிங்க. இல்லன்னா எடுத்துடலாம்."

எனக்குச் சுரீர் என்றது. டாக்டர் மேலே அல்ல, அர்மாஸ் மேலே. என் ஊர் ஆட்கள் ஹெல்சிங்கிக்காரர்கள் முன்னால் நாணயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. பதினோராம் தேதி அவர் சட்டைக் கையை மடக்கும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"அர்மாஸ், வெண்ணெய் ருசிக்கு அந்த மார்ஜரின் வராதுதான். எனக்குத் தெரியும். நீங்க சாப்பிடலன்னா சாப்பிடலன்னு சொல்லிடுங்க. யாரும் தலையை வாங்கிட மாட்டாங்க. ஆனா டப்பாவை வழிச்சுக் காட்டி ஏமாத்துற வேலை வேண்டாம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஊசி இறங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, சட்டையை இறக்கிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெஞ்சில் உட்காராமல் நேரே சாலைக்குப் போய் பஸ் ஸ்டாப்பில் நின்றார். வெளியே மைனஸ் இருபத்திநான்கு. பஸ் வர இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது. நானும் போய்க் கூப்பிடவில்லை. எனக்கும் வீம்பு.

மார்ச் பதினோராம் தேதியும் அதேதான். ஏழு மணிக்கு அல்ல, சரியாக எட்டுக்கு வந்தார். டப்பாக்களை வைத்தார், கையை நீட்டினார், போய்ச் சாலையில் நின்றார். அன்று ராத்திரி தனியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். என் வீட்டிலும் ஒரு தட்டுதான், ஒரு கரண்டிதான். மகன் ஸ்வீடனில், கோத்தன்பர்க் நகரத்தில் இருக்கிறான், அவன் அப்பா எங்கே இருக்கிறார் என்று எனக்குக் கவலையில்லை. பேசாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மன்னிப்புக் கேட்க அல்ல, அவர் வீட்டு ஃபிரிட்ஜைச் சோதிக்க என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கதவைத் தட்டியதும் திறந்தார். ஆச்சரியப்படவே இல்லை.

"வாங்க" என்றார். "காபி தயாரா இருக்கு."

ஃபிரிட்ஜைத் திறந்தேன். வெண்ணெய் மருந்துக்குக்கூட இல்லை. 217 டப்பா இருந்தது. அதன் வெளிப்பக்கம் பென்சிலால் கோடு கோடாகப் போட்டிருந்தார், ஒரு கோடு ஒரு நாள். மார்ஜரின் அன்றைய கோட்டில் மயிரிழை பிசகாமல் நின்றது. என் முகம் சூடாகிவிட்டது. ஃபிரிட்ஜை மூடிவிட்டு மேஜையருகே உட்கார்ந்தேன்.

அடுப்பு மேலே செம்புக் கெண்டி ஒன்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் அம்மா காலத்துக் கெண்டி, பத்து கப் பிடிக்கும். தூளைத் தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்க வைத்து, மண்டி அடியில் தங்கினதும் ஊற்றுவது. எங்கள் பக்கத்துப் பழைய முறை. மேஜையில் விருந்தாளிகளுக்கான பூப்போட்ட கப் இரண்டு கவிழ்த்து வைத்திருந்தது, பக்கத்தில் சர்க்கரை, பக்கத்தில் இனிப்பு ரொட்டி. நான் வருவேன் என்று இவருக்கு யார் சொன்னார்கள்?

ஊற்றினார். குடித்தேன். நல்ல காபி. அவரும் குடித்தார். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகியது, ஏரி உறைந்தது, ஓநாய்த் தடம் பார்த்தது, ரேசனென் வீட்டுக் கூரை பனிப் பாரத்தில் விழுந்தது. ரேசனென்கள் போய் இருபது வருடமாகிறது. அவர் கப் காலியானால் அவரே ஊற்றிக்கொண்டார். ஒரு மணி நேரம் போயிருக்கும். நர்ஸ் புத்தி, நான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அர்மாஸ், இது அஞ்சாவது கப்பு. படிவத்துல நாளைக்கு நாலுன்னுதானே எழுதினீங்க?"

"நாலுதான். காலைல ரெண்டு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"அப்ப இது?"

"இது என் கணக்குல வராது சிஸ்டர். இது விருந்தாளி காபி."

"விருந்தாளி நான். குடிக்கிறது நீங்க."

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். கப்பைத் தட்டில் திருப்பித் திருப்பி வைத்தார்.

"ஆறாவது விதில போட்டிருந்ததே, எந்த நாளும் வருவாங்கன்னு. வீட்டுக்கு ஆள் வரும்போது கெண்டி சூடா இல்லன்னா என்ன மரியாதை? அதனால காலைல ஒரு கெண்டி வைப்பேன். மத்தியானம் வரைக்கும் யாரும் வரல்லன்னா அதைக் கொட்டவா முடியும்? அம்மா போர்க்காலத்துல தானியத்தை வறுத்துப் பொடிச்சுக் காபின்னு குடிச்சவ. அந்தக் கெண்டில இருந்து ஒரு சொட்டு கொட்டினா எழுந்து வந்து அடிப்பா. அதனால குடிச்சிடுவேன். அப்புறம் மத்தியானத்துக்குப் புதுசா ஒண்ணு வைப்பேன். ஆறிப்போன காபியை யாருக்குக் கொடுக்கிறது?"

"அக்டோபர்ல இருந்தா?"

"அக்டோபர்ல இருந்துதான். அதுக்கு முன்னாடி யாரும் வரேன்னு சொல்லலியே."

பத்து கப் பிடிக்கிற கெண்டி இரண்டு, நாளைக்கு இருபது கப். ஐந்து மாதம். கொதிக்க வைத்த காபியில் மண்டியோடு ஒரு எண்ணெய் இருக்கிறது, அது கொலஸ்ட்ராலை ஏற்றும், காகிதத்தில் வடிகட்டினால் அது காகிதத்திலேயே நின்றுவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஊர் ஊராகப் போய், பெண்கள் சங்கக் கூட்டங்களில், வடிகட்டியைத் தூக்கிக் காட்டி முழங்கினவளே நான்தான். டப்பாவில் இருந்தது மரச்சத்து என்றால், பைன் மரம் குடலில் உட்கார்ந்துகொண்டு ஒரு பக்கம் தடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது, விருந்தாளி காபி இன்னொரு பக்கம் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த விருந்தாளி நான்.

மறுநாள் விடிந்ததும் ஹெல்சிங்கிக்குப் போன் போட்டேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "இப்ப நடுவுல பழக்கத்தை மாத்தினா அவரோட எண்கள் எதுக்கும் உதவாது. ஒண்ணு, அக்டோபர் வரைக்கும் இப்ப குடிக்கிற மாதிரியே குடிக்கட்டும். இல்லன்னா ஆய்வுல இருந்து எடுத்துட்டு, வைத்தியத்தை ஆரம்பிங்க. என்னைக் கேட்டா எடுத்துடுறதுதான் நல்லது."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அன்றே போய் அர்மாஸிடம் சொன்னேன். வடிகட்டிக் குடித்தால் இரண்டு மாதத்தில் இறங்கிவிடும், உங்கள் பெயரை எடுத்துவிடலாம் என்றேன்.

"எடுத்தா என்னன்னு எழுதுவாங்க?"

"விதிப்படி நடக்காததால் நீக்கப்பட்டார்னு எழுதுவாங்க. அதெல்லாம் சும்மா ஒரு வழக்கம்."

"யாரு நடக்கல?"

"217."

எழுந்து போய் அடுப்பில் கட்டை போட்டார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "நான் ஒரு நாளும் தப்பல. ஒரு வேளை தப்பல. அக்டோபர் வரைக்கும் இருக்கேன்."

"பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினேன். "எட்டு புள்ளி நாலு! ஒட்டோ நாற்பத்தொன்பதுல போனாரு. வில்யோவை இதே வாசல்ல நான்தான் புரட்டிப் போட்டுப் பார்த்தேன். கவ்கோ போனது மறந்துபோச்சா?"

"மறக்கல. ஆனா அவங்க மூணு பேரும் பொய்யன்னு பேர் வாங்கிக்கிட்டுப் போகல சிஸ்டர்."

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்தேன்.

அந்த வசந்தமும் கோடையும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏரிப் பக்கம் ஆம்புலன்ஸ் போனால் யாருக்கு என்று போன் போட்டு விசாரிப்பேன். ஆகஸ்ட்டில் விறகு அடுக்கும்போது நெஞ்சில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது என்று போகிற போக்கில் சொன்னார். இழுத்துக்கொண்டு போய் ஈசிஜி எடுத்தேன். நல்லவேளை, ஒன்றுமில்லை. பெஞ்சில் மறுபடி உட்கார ஆரம்பித்திருந்தார், அது ஒன்றுதான் ஆறுதல். டப்பாக்கள் பளபளவென்று வந்துகொண்டிருந்தன.

அக்டோபர் பதினொன்று, கடைசி நாள். ரத்தம் எடுத்து முடித்ததும் ஒரு பையை நீட்டினேன். காகித வடிகட்டிகள் நூறு, அதை வைக்கிற பிளாஸ்டிக் கூம்பு ஒன்று.

"இனிமே இதுலதான் வடிக்கணும். நாலு கப், அதுக்கு மேல ஒண்ணு கூடாது. அந்தக் கெண்டியைத் தூக்கிப் பரண்ல போடுங்க."

பையை வாங்கிப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு கேட்டார்:

"அடுத்த மாசம் பதினொண்ணாம் தேதி?"

"வர வேண்டாம் அர்மாஸ். முடிஞ்சுபோச்சு."

"ஓ" என்றார்.

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை. "நான் ஒரு நாள் உங்க வீட்டுக்குக் காபிக்கு வரேன்" என்றேன்.

"வாங்க" என்றார்.

போகவில்லை. சாக்குச் சொல்ல எத்தனையோ இருக்கின்றன. காய்ச்சல் ஊசி போடுகிற சமயம், இன்னொரு நர்ஸ் லீவில் போனாள், சாலை மோசம். உண்மை என்னவென்றால் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. டிசம்பரில் ஒரு நாள் நிலையத்துக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், நான் அன்று வேறு ஊரில் இருந்தேன். ஏழு புள்ளி இரண்டு. மார்ஜரின் நின்றுபோயும் அவ்வளவு இறங்கியிருந்தது. போனில் கூப்பிட்டு, "சபாஷ் பெசோனென்!" என்றேன். "வடிகட்டி நல்லாத்தான் இருக்கு, கசப்பு கம்மி" என்றார். பிறகு போனில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. "சரி சிஸ்டர்" என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரியில் ஹெல்சிங்கியிலிருந்து கடிதங்கள் வந்தன, ஒவ்வொருவருக்கும் ஒன்று. 217-க்கு வந்ததைப் படித்தேன். தபாலில் போட மனம் வரவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம், "அர்மாஸ், நான் சொன்னது தப்பு" என்று காருக்குள் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். ஐம்பது வயதுக்கு மேல் மன்னிப்புக் கேட்கப் பழகுவது லேசில்லை.

அவர் வீட்டு வாசல் படிக்கு இடது பக்கம் பனியில் பெரிதாக ஒரு பழுப்புத் திட்டு இருந்தது. முதலில் ஏதோ மிருகத்தின் வேலை என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். மேலே புதுப்பனி, அதற்கடியில் பழுப்பு, அதற்கடியில் வெள்ளை, மறுபடி பழுப்பு, அடுக்கு அடுக்காக முழங்கால் உயரத்துக்கு உறைந்திருந்தது. காபி வாசனை வந்தது.

அவர் கதவைத் திறந்து, "வாங்க, தயாரா இருக்கு" என்றார்.

செம்புக் கெண்டி அடுப்பில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பூப்போட்ட கப்புகள் கவிழ்த்திருந்தன. எனக்கு வந்த கோபத்தில் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன சொன்னேன் நான்? இதைப் பரண்ல போடச் சொன்னேனா இல்லையா?"

"நான் குடிக்கல சிஸ்டர்." ஜன்னலோரம் என்னுடைய பிளாஸ்டிக் கூம்பு, பக்கத்தில் ஒரு கப். அதைக் காட்டினார். "நான் இதுலதான் குடிக்கிறேன். நாலு கப். அது உங்களுக்கு. காபிக்கு வரேன்னீங்களே, என்னைக்குன்னு சொல்லல. வடிகட்டின காபியை விருந்தாளிக்குக் கொடுக்கிறது நல்லாயில்ல."

"தினமுமா வைக்கிறீங்க?"

"காலைல ஒரு கெண்டி மட்டும்தான்."

"அப்புறம்?"

"சாயங்காலம் கொட்டிடுவேன். அம்மா கோவிச்சுப்பா, என்ன செய்யறது. நீங்க குடிக்கக் கூடாதுன்னுட்டீங்க."

காரில் பழகிக்கொண்டு வந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்ப் படித்தார். செடி கொடிகளிலிருந்து வருகிற கொழுப்பு ஒன்று எல்லோர் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும். பைன் மரச்சத்தை உண்மையில் சாப்பிட்டவர்களுக்குத்தான் அது குறையும். 217-க்கு அது முதல் மாதமே குறைந்து, கடைசி மாதம் வரை ஏறவே இல்லை. மரச்சத்து கலந்த டப்பா பெற்றவர்களில் இவர் அளவுக்குத் தவறாமல் சாப்பிட்டவர் வேறு யாரும் இல்லை. அதைத்தான் டாக்டர் எழுதியிருந்தார்.

இரண்டு தடவை படித்தார். மடித்தார். அம்மா படத்துக்குப் பின்னால் செருகினார்.

"அப்ப மரம்தானா அது?" என்றார்.

"மரம்தான்."

"நினைச்சேன்." திரும்பிக் கெண்டியைத் தூக்கினார். "உட்காருங்க. ஆறிடும்."

உட்கார்ந்தேன். முதல் கப் குடித்தேன். "அர்மாஸ், அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றேன். எங்கோ பார்த்துக்கொண்டு தலையாட்டினார். இரண்டாவதை ஊற்றினார், குடித்தேன். மூன்றாவதையும் குடித்தேன். என் கொலஸ்ட்ரால் ஆறு புள்ளி எட்டு, போன மார்ச்சில் இதே மேஜையில் குடித்ததைத் தவிர, கொதிக்க வைத்த காபியைத் தொடாமல் இருந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. நாலாவதை நானே கேட்டு வாங்கினேன். அவர் எதிரில் உட்கார்ந்து தன்னுடைய வடிகட்டின காபியை மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தார். பேச ஒன்றுமில்லை, அதனால் பேசவில்லை.

கிளம்பும்போது கதவருகே நின்று சொன்னேன்: "ஒரு நாள் வரேன்னு இனிமே சொல்ல மாட்டேன். மார்ச் பதினொண்ணு, காலைல எட்டு மணி. எழுதிக்கோங்க."

சுவரில் தொங்கிய நாள்காட்டியில் பக்கத்தைத் திருப்பி, பென்சிலால் பதினொன்றைச் சுற்றி வட்டம் போட்டார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த வட்டத்தையே பார்த்தார்.

"அதுக்கு நடுவுல வர மாட்டீங்கல்ல?"

"வர மாட்டேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா, அர்மாஸ்."

"அப்ப சரி" என்றார். "நடுவுல கெண்டி வைக்க மாட்டேன்."